மஞ்சள் பானத்துக்கு எது நல்லது: பால்புரதமா, பாலிசார்பேட்டா?

மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் டம்ளர் அடியில் படிந்துவிடும். அதையே பாலில் போட்டுக் காய்ச்சி ஆறவிடுங்கள், மேலே கட்டும் ஆடையே மஞ்சளாக இருக்கும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரோடு ஒட்டாது, கொழுப்பில் கரையும். அதனால் அதை எண்ணெயில் கரைத்து, எண்ணெயை நுண்துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்கவிடுகிறார்கள். துளிகள் மறுபடி ஒன்றோடொன்று சேராமல் இருக்க அவற்றைச் சுற்றி ஓர் உறை வேண்டும்.

அந்த உறைக்கு ஒரு வழி பாலிசார்பேட் 80 (லேபிளில் 433) என்ற பால்மமாக்கி, அதாவது எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கலந்து நிறுத்தும் சேர்ப்புப் பொருள். அது அளவில் சிறியது, துளியின் மேற்பரப்புக்குச் சட்டென்று போய்ச் சேரும், துளிகளையும் பொடிப்பொடியாக்கும். புளிப்பும் உப்பும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. அளவு கூடினால் மட்டும் நாக்கில் கசப்பு தட்டும். இன்னொரு வழி பாலின் முக்கியப் புரதமான கேசீன். அதற்குப் புளிப்பு ஆகாது. மஞ்சள் பாலில் எலுமிச்சை பிழிந்தால் தெரிந்துவிடும்: பிஎச் 4.6-ஐ நெருங்கும்போது புரதம் மின்னூட்டம் இழந்து திரிந்துபோகும்.

ஆனாலும் என் ஓட்டு கேசீனுக்குத்தான். அதன் உறை தடிமனானது. அதோடு குர்குமினையே தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. இது சின்ன விஷயமில்லை. பிஎச் 7.2 உள்ள வெறும் கரைசலில், உடல் வெப்பநிலையில், அரை மணி நேரத்துக்குள் குர்குமினில் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். புரதத்தோடு சேர்ந்திருந்தால் சிதைவு வெகுவாகக் குறைகிறது.

சரி, இரண்டையும் சேர்த்தால் இரட்டைப் பலம் கிடைக்குமா? கிடைக்காது. இங்கிலாந்தின் நார்விச் ஆய்வாளர்கள் 1999-இல் அணுவிசை நுண்ணோக்கியில் இதைப் படமாகவே காட்டினார்கள். பால்புரதம் மேற்பரப்பில் வலைபோலப் பின்னிக்கிடக்கிறது. பாலிசார்பேட் போன்ற பால்மமாக்கி அந்த வலையின் ஓட்டைகளில் புகுந்து திட்டுத்திட்டாக வளர்கிறது. இடம் சுருங்கச் சுருங்கப் புரதம் நெருக்குண்டு, மடிப்பு மலைபோல மேலெழும்பித் தடிக்கிறது. கடைசியில் வலை அறுந்து புரதம் தண்ணீருக்குள் போய்விடுகிறது. மிஞ்சுவது மெல்லிய உறைதான்.

ஐஸ்கிரீமில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். உறை மெலிந்தால்தான் அடிக்கும்போது கொழுப்புத் துளிகள் பாதி ஒட்டிக்கொண்டு காற்றுக்குமிழிகளைத் தாங்கும். மஞ்சள் பானத்தில் துளிகள் ஒட்டவே கூடாது. எனவே பால் பானமென்றால் கேசீன் மட்டும், எலுமிச்சை பானமென்றால் பாலிசார்பேட் மட்டும் என்றுதான் நான் தொடங்குவேன்.