பைத்தானில் ஊன்றியதால் கிடைத்தது

பைத்தான் 2 காலத்திலிருந்து என் பிழைப்பு பைத்தான் என்ற நிரல்மொழியில்தான் ஓடுகிறது. கோ, ரஸ்ட், ஸ்விஃப்ட் ஆகிய நிரல்மொழிகளையும் தேவை வந்தபோது படித்தேன். ஒன்றை ஊன்றிக் கற்பதா, பலவற்றைக் கற்பதா என்று கேட்பவர்களிடம் முதலில் ஒன்றை முழுதாகக் கற்கச் சொல்கிறேன்.

தமிழ்த் தரவுகளோடு வேலை செய்வதால் எனக்கு இது நன்றாகவே உறைத்தது. 'தமிழ்' என்ற சொல்லை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க வடிவில் கொடுத்து நீளம் கேட்டால் பைத்தான் 2 பதினைந்து என்று சொல்லும். பைத்தான் 3-இல் விடை 5. நம் கண்ணுக்கோ எழுத்து மூன்றுதான். முதலாவது பைட் (கணினிச் சேமிப்பின் சிற்றலகு) கணக்கு. இரண்டாவது, யூனிகோட் என்ற பொது எழுத்துத் தரத்தின் குறியீடுகளின் கணக்கு. இகரக் குறியும் மெய்யின் புள்ளியும் அங்கே தனித்தனிக் குறியீடுகள். 'கொ' இன்னும் படுத்தும். ஒகரக் குறி ஒன்றைக் கொண்டும் எழுதலாம்; எகரக் குறியையும் துணைக்காலையும் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டால் பைத்தான் வேறு வேறு என்று சொல்லிவிடும். இரண்டையும் என்எஃப்சி போன்ற ஒரே சீர்வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான் தேடல் சரியாக நடக்கும்.

இவ்வளவும் தெரிந்திருந்ததால், அதே சொல்லுக்கு ரஸ்ட் 15 என்றும் ஸ்விஃப்ட் 3 என்றும் சொன்னபோது காரணம் உடனே பிடிபட்டது. மேலோட்டமாக ஐந்து மொழி படித்தவர்கள் இதே இடத்தில் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக வேறு மொழியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பைத்தானுக்குள் இருக்கும் ஜிஐஎல் என்ற பூட்டு ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டைத்தான் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலையிழை) பைத்தான் நிரலை இயக்க விடும்; த்ரெட்டுகளைக் கூட்டினாலும் கணக்கீடு வேகமெடுக்காது. 2024-இல் வந்த 3.13 பதிப்பில் அந்தப் பூட்டில்லாத வடிவம் சோதனை முறையில் வந்தது. அதற்கு முன்பே, பல கணக்கீடுகளை ஒரே நேரத்தில் ஓட்ட எனக்குக் கோ மொழி கைகொடுத்துவிட்டது. ரஸ்ட் தந்த பயன் வேறு. இந்தத் தரவு நிரலின் எந்தப் பகுதிக்குச் சொந்தம் என்று அது ஓயாமல் கேட்கும். அந்தப் பழக்கத்தால், பைத்தானில் ஒரே லிஸ்ட்டை (தரவுப் பட்டியலை) இரண்டு பெயர்கள் சுட்டும் இடங்கள் இப்போது தாமாகவே கண்ணில் படுகின்றன. ரூபி என்ற நிரல்மொழியில் எனக்கு இப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. பைத்தானுக்கு அது மிகவும் நெருங்கிய சொந்தம். இரண்டாவது மொழி அமைப்பிலேயே வேறுபட்டதாக இருக்கட்டும்.

இப்போது, சி மொழியில் எழுதப்பட்ட பைத்தானின் முதன்மை வடிவமான சிபைத்தானின் மூலநிரலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சேர்த்த வரிசை மாறாமல் இருக்கும் என்று டிக்ட் (பெயரையும் மதிப்பையும் இணையாக வைக்கும் தரவு வகை) 3.7 பதிப்பிலிருந்து உறுதி தருகிறது. அதற்கு வழிவிட்ட உள்கட்டமைப்பு மாற்றம் 3.6-இல் நினைவகத்தை மிச்சப்படுத்தச் செய்யப்பட்டது. அந்த மாற்றம் உள்ள கோப்பைப் புரிந்துகொள்ளத்தான் சி மொழியை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன்.