உள்ளறையா பால்கனியா, கப்பல் டூரா சொந்தச் சுற்றா: முதன்முறை க்ரூஸ் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

க்ரூஸ் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் கட்டணம், நாம் கடைசியில் கட்டப்போகும் தொகை அல்ல. துறைமுக வரி, டிப்ஸ், பானங்கள், வைஃபை, கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு எல்லாம் அதன்மேல் ஏறும். இவற்றில் முக்கால்வாசி, கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே நாம் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது. அதனால் அந்த முடிவுகளை இரண்டு இரண்டாக எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். சென்னையில் இருக்கும் நாலு பேர் கொண்ட குடும்பம், மூன்று நான்கு இரவுப் பயணம் என்பதை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன்.

சென்னையில் ஏறுவதா, சிங்கப்பூர் போய் ஏறுவதா?

கோர்டிலியா என்ற க்ரூஸ் நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படத் தொடங்கியது. அடுத்த ஆண்டே இலங்கைக்கும் போனது. உள்நாட்டுப் பயணம் என்றால் விமான டிக்கெட் இல்லை, விசா இல்லை, ஆதார் போதும், பில்லும் ரூபாயில் வரும். ஆனால் ஆண்டு முழுக்க இங்கேயே நிற்கும் கப்பல் அல்ல. எந்த மாதம் இந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும். 1990இல் கட்டப்பட்டது, கொள்ளளவு சுமார் 48,500 டன். சிங்கப்பூரிலிருந்து ஓடும் கெண்டிங் ட்ரீம் 2016இல் வந்தது, 1,50,000 டன்னுக்கு மேல். நீச்சல் குளம், சறுக்கு, அரங்கம் எல்லாவற்றிலும் அந்த வித்தியாசம் தெரியும்.

கப்பலின் ஆட்டத்திலும் அந்த வித்தியாசம் தெரியும். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய் தீபகற்பம். இரண்டும் பெரிய அலைகளை மறித்துவிடுவதால் அந்தக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது வங்கக்கடல் அப்படி இருக்காது. பேருந்திலேயே தலை சுற்றுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

செலவில் சென்னைதான் ஜெயிக்கும். கடல் நமக்கு ஒத்துக்கொள்கிறதா என்று இரண்டு இரவில் தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் எப்படியும் சிங்கப்பூர் பார்க்கப் போகிற குடும்பம் என்றால், அதே விமான டிக்கெட்டில் மூன்று இரவு கப்பலைச் சேர்ப்பதுதான் கட்டுப்படியாகும். சிங்கப்பூரில் ஹோட்டல் வாடகை கொஞ்சநஞ்சமல்ல. கப்பலில் அந்த மூன்று இரவு தங்குவதும் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: கப்பல் மலேசியா போய்த் திரும்பும்போது நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தையும் திரும்பி வரும்போது இன்னொரு முறை நிரப்ப வேண்டியிருக்கும். அது முழுக்க இலவசம்; கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல.

உள்ளறையா, பால்கனியா?

கடலைப் பார்த்தபடி காபி குடிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பலரும் பால்கனிக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் மூன்று இரவுப் பயணத்தில் அந்தப் பால்கனியில் எவ்வளவு நேரம் உட்கார்வோம்? முதல் நாள் மதியம்தான் ஏறுகிறோம். நடுவில் ஒரு நாள் கரை. பிள்ளைகள் குளத்தை விட்டு வர மாட்டார்கள். மாலையில் நிகழ்ச்சி, இரவில் சாப்பாடு. அதே கடலை மேல்தளத்தில் எல்லோரும் இலவசமாகப் பார்க்கலாம்.

நாலு பேர் குடும்பத்துக்கு நான் சொல்வது வேறு: ஒரு பால்கனி அறையின் விலையையும், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உள்ளறைகளின் (ஜன்னல் இல்லாத அறைகளின்) விலையையும் ஒரே தேதிக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவாக இருக்கும் என்பதால் சில தேதிகளில் பால்கனி மலிவாக வரும். சில தேதிகளில் இரண்டு உள்ளறைகள் கிட்டத்தட்ட அதே விலைக்கு வரும். அப்படி வந்தால் யோசிக்கவே வேண்டாம். இரண்டு குளியலறை கிடைக்கும். கரையில் இறங்கும் காலையில், நாலு பேரும் ஒன்றன்பின் ஒன்றாகக் குளித்து எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டியிருக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். ஒரே அறை என்றால் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல்படுக்கையில் இரண்டு பேர் ஏற வேண்டும். மூட்டு வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் அது சரிப்படாது.

உள்ளறைக்கு ஒரு குறை உண்டு. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடும் சேனலை ஒலியில்லாமல் விட்டுவைத்தால் போதும். இரவில் லேசான வெளிச்சம், விடிந்ததும் திரையிலும் விடியும்.

அறையின் இடமும் முக்கியம். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் ஆட்டம் மிகக் குறைவு. முன்முனையிலும் பின்முனையிலும் மேல்தளத்திலும் அதிகம். கீழ்த்தள அறைகள்தான் பெரும்பாலும் விலையும் குறைந்தவை. குமட்டல் வருகிறவர்களுக்கு இது இரட்டை லாபம்.

எடுத்துப் போவதா, அங்கே வாங்குவதா?

கப்பலுக்குள் இருக்கும் கடையில் தலைவலி மாத்திரைகூட டாலர் விலைதான். பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட், வயிற்றுப்போக்கு மாத்திரை, குழந்தைகளுக்கான சிரப் எல்லாம் ஊரிலிருந்தே போக வேண்டும். குமட்டல் மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது வாந்தி வந்த பிறகு போடுவது அல்ல, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டியது. கப்பல் மருத்துவரைப் பார்த்தால் கட்டணம் தனி, அதுவும் கனமாக இருக்கும். எனவே கப்பல் பயணத்தையும் சேர்த்துக் காப்பீடு எடுப்பது வீண்செலவு இல்லை.

நம் வீட்டுப் பெட்டிகளில் தவறாமல் ஏறும் சில சாமான்கள் கப்பலில் ஏறாது. எலெக்ட்ரிக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் சூடாக்கும் ராடு ஆகியவை ஸ்கேனில் தெரிந்தால் பறிமுதல்தான்; இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். நடுக்கடலில் தீ பிடித்தால் ஓட இடமில்லை என்பதால் இதில் அவர்கள் இம்மியும் தளர மாட்டார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படித்தான். ராயல் கரீபியன் என்ற க்ரூஸ் நிறுவனம் 2024இல் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பதிலாக, மூன்று நான்கு யூஎஸ்பி வாய் உள்ள ஒரு சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள். அறையில் பிளக் பாயின்ட் குறைவு, நாலு போன் இருக்கும்.

சாப்பாட்டில் எது எடுத்துப் போகலாம்? வீட்டில் செய்த புளியோதரை, தொக்கு போன்றவை கப்பலுக்குள் அனுமதி இல்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் என்றால் பொதுவாக விடுவார்கள். சிங்கப்பூரிலிருந்து ஓடும் கப்பல்களில் இந்தியச் சைவ உணவு கிடைக்கும். பருப்பும் சப்பாத்தியும் வட இந்திய ருசியில் இருக்கும், அவ்வளவுதான். ஒரு ஊறுகாய் பாக்கெட், கொஞ்சம் பருப்புப்பொடி பாக்கெட் இருந்தால் பெரியவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

துணியில் இரண்டு கட்சி உண்டு: நிறைய எடுத்துப் போவது, கொஞ்சமாக எடுத்துத் துவைத்துக்கொள்வது. நான் இரண்டாவது கட்சி. ராயல் கரீபியன் கப்பல்களில் நாமே போட்டுத் துவைக்கும் மெஷின் கிடையாது, சலவைக்குக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று பில் வரும். ஆனால் குளியலறையில் ஷவருக்கு மேலே இழுத்து மாட்டும் கயிறு ஒன்று இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. மெல்லிய துணியை இரவில் அலசிப் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். இதோடு ஒரு ஆறு காந்தக் கொக்கிகள் எடுத்துப் போங்கள். கப்பல் அறையின் சுவர் இரும்புத் தகடு, கொக்கி அப்படியே ஒட்டிக்கொள்ளும். தொப்பி, பை, ஈர நீச்சல் உடை, அறைச் சாவி அட்டை எல்லாம் சுவரில் தொங்க, அந்தச் சின்ன அறையில் கட்டில் காலியாக இருக்கும்.

ஒரு இரவு நன்றாக உடுத்தி வரச் சொல்வார்கள். அதற்காகக் கோட்டு சூட்டு வாங்க வேண்டாம். பட்டுப்புடவை, வேட்டி சட்டை, சல்வார் எல்லாமே அங்கே பொருத்தம்தான். குளத்துக்கு மட்டும் சரியான நீச்சல் உடை வேண்டும். பருத்திச் சட்டையோடு இறங்க விடாத கப்பல்கள் உண்டு. துண்டு எடுத்துப் போகாதீர்கள், அங்கே தருவார்கள். திருப்பித் தராவிட்டால் அறைக் கணக்கில் ஏறும்.

பானப் பேக்கேஜா, குடிக்கும்போது காசா?

தண்ணீர், டீ, காபி, காலையில் ஜூஸ் எல்லாம் பஃபேயில் இலவசம். மது அருந்தாத குடும்பத்துக்குப் பேக்கேஜ் அநேகமாக நஷ்டம். அருந்துகிறவர்களும் ஒரு கணக்குப் போட வேண்டும்: பேக்கேஜின் ஒருநாள் விலையை ஒரு கோப்பையின் விலையால் வகுங்கள். ஒரு நாளைக்கு அத்தனை கோப்பை, கரையில் இருக்கும் நாளிலும் சேர்த்து, உண்மையாகவே குடிப்பீர்களா? ராயல் கரீபியனில் மதுப் பேக்கேஜை ஒருவர் எடுத்தால் அதே அறையில் உள்ள மற்ற பெரியவர்களும் எடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. கணவருக்கு மட்டும் என்று நினைத்தது இரட்டிப்பாகிவிடும். விலையின்மேல் 18 சதவீதச் சேவைக் கட்டணமும் உண்டு.

வைஃபையா, ரோமிங்கா?

மூன்று இரவுக்கு இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. கப்பல் கிளம்பும்போதே போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். மறந்தால் போன் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண வெளிநாட்டுப் பேக் அதற்குச் செல்லாமல் போய் பில் எகிறும். கரை கண்டதும் சாதாரண ரோமிங் வேலை செய்யும். அலுவலக வேலை இருந்தால் மட்டும் ஒரே ஒரு கருவிக்கு வைஃபை, அதுவும் கப்பல் ஏறுவதற்கு முன்பே ஆன்லைனில் வாங்குங்கள். அங்கே போய் வாங்கினால் பெரும்பாலும் விலை கூடுதல்.

கப்பல் டூரா, சொந்தச் சுற்றா?

கரையில் இறங்கும் நாளில் கப்பல் கம்பெனி விற்கும் டூரில் போவதா, நாமே சுற்றிப் பார்ப்பதா? இதற்கு ஒரே பதில் கிடையாது, துறைமுகத்தைப் பொறுத்தது.

பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் பியர், ஜார்ஜ் டவுனின் ஓரத்திலேயே இருக்கிறது. 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ள நகரம் அது. இறங்கி நடந்தாலே லிட்டில் இந்தியா வந்துவிடும். குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. சுற்றுமுற்றும் தமிழில் பேசியே சாப்பிடலாம், பூ வாங்கலாம், வழி கேட்கலாம். இங்கே தலைக்கு இவ்வளவு டாலர் கொடுத்து பஸ்ஸில் ஏறுவது அவசியமே இல்லை. குடையும் தண்ணீர் பாட்டிலும் போதும்.

போர்ட் கிளாங் அப்படி இல்லை. துறைமுகத்திலிருந்து கோலாலம்பூர் சாலை வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல், நெரிசலில் இன்னும் கூடும். பத்துமலை போக வேண்டுமென்றால் அதற்கும் அப்பால். நாலு பேர் சேர்ந்து கிராப் செயலியில் டாக்சி எடுத்தால் கப்பல் டூரைவிடக் கணிசமாக மிச்சமாகும். ஆனால் கம்பெனி டூர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், உங்கள் டாக்சி தாமதமானால் காத்திருக்காது. கப்பல் போய்விட்டால் அடுத்த ஊர் வரை உங்கள் செலவில் விமானம் பிடிக்க வேண்டும். முதன்முறை என்றால் போர்ட் கிளாங்கில் கப்பல் டூரையே எடுங்கள். டாக்சிதான் என்றால், கடைசியாக ஏற வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருப்பதுபோலத் திட்டமிடுங்கள். பாஸ்போர்ட் நகலும் கப்பல் ஏஜென்ட்டின் போன் எண்ணும் பையில் இருக்கட்டும்.

பூக்கெட்டில் இன்னொரு சிக்கல். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்தங்கியது. போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பலோ தன் நேரத்திலேயே இருக்கலாம். திரும்ப வேண்டிய நேரம் எந்தக் கடிகாரத்துக்கு என்று இறங்கும் முன் கேட்டுவிடுங்கள். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்வது நல்லது.

பில் கட்டுவது: எந்த அட்டை?

டெபிட் கார்டை அறைக் கணக்கில் இணைத்தால் முன்தொகையாகப் பணத்தைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகும். அந்த நாள்களில் உங்கள் சொந்தப் பணமே கைக்கு வராது. கிரெடிட் கார்டு மேல். நம் ஊர்க் கார்டுகள் பலவற்றில் 2 முதல் 3.5 சதவீதம் வெளிநாட்டு மாற்றுக் கட்டணம் உண்டு. அது இல்லாத கார்டு ஒன்று இருந்தால் அதையே இணையுங்கள். ரூபாயில் வசூலிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகம்.

டிப்ஸை இதற்குள் தனியாக எடுத்து வையுங்கள். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 18 டாலர், குழந்தைக்கும் சேர்த்து. நாலு பேர், நாலு இரவு என்றால் 288 டாலர், கிட்டத்தட்ட 25,000 ரூபாய். டிராவல் ஏஜென்ட் சொல்லும் விலையில் இது அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுப் பயணத்தைப் பேக்கேஜாக வாங்கும்போது முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிசிஎஸ் செலவல்ல. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதை விடாதீர்கள்.

கடைசி இரவு: பெட்டியைக் கொடுப்பதா, தூக்குவதா?

ஏறும் நாளில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கி, மாலைக்குள் அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். அதுவரை தேவைப்படும் மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர், பிள்ளைகளின் நீச்சல் உடை எல்லாம் தோள்பையில் இருந்தால், மற்றவர்கள் பெட்டிக்காகக் காத்திருக்கும் மதியத்தில் உங்கள் பிள்ளைகள் காலியான குளத்தில் இருப்பார்கள்.

இறங்குவதற்கு முந்தைய இரவு அதே வேலை தலைகீழாக நடக்கும். பெட்டியை அறைக்கு வெளியே வைத்துவிட்டால் காலையில் முனையத்தில், உங்கள் முறை வரும்போது எடுத்துக்கொள்ளலாம். பெட்டியில் எல்லாத் துணியையும் மூட்டைகட்டி அனுப்பிவிட்டு, மறுநாள் போட உடை இல்லாமல் நிற்கும் குடும்பங்கள் உண்டு; ஒரு செட்டும் செருப்பும் வெளியே இருக்கட்டும். அன்றே சென்னை விமானம் என்றால் பெட்டியைக் கொடுக்காமல் நீங்களே உருட்டிக்கொண்டு முதல் வரிசையில் இறங்குங்கள். அப்படி இறங்கினாலும் குடிநுழைவு வரிசை, சிங்கப்பூரின் மரினா சவுத்தில் உள்ள கப்பல் முனையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் வரை சாலை என்று நேரம் ஓடும். மதியம் ஒரு மணிக்கு முன் கிளம்பும் விமானத்தை அன்றைக்குப் போடாதீர்கள்.