ரேனொக்ஸ் டிசிஆர்-250: போஞ்சிக் கொடியிலிருந்து ஒரு மதிப்பீடு

கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா. ஹட்டன் பக்கம் எனக்கு இதுதான் தொழில். கையில் இருப்பது கெனன் கமராவும் 55-250 மில்லிமீட்டர் சூம் லென்ஸும். பூச்சி எடுக்கவென்று தனியாக ஒரு மெக்ரோ லென்ஸ் வாங்கினால் அந்தக் காசை எந்தக் கல்யாணமும் திருப்பித் தராது. அதனால்தான் இந்த ஜப்பான் வில்லைக்குப் போனேன்.

இது தனி லென்ஸ் அல்ல. இருக்கிற லென்ஸின் முன்னால் மாட்டுவது. சக்தி 8 டயொப்டர். கூடவே வரும் கவ்வி, 52 முதல் 67 மில்லிமீட்டர் வரை பில்டர் அளவுள்ள லென்ஸ்களில் உட்காரும். கணக்கு சுலபம். லென்ஸை முடிவிலியில் குவித்துவிட்டு, அதன் குவியத்தூரத்தை 125ஆல் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும். 250இல் இரண்டு மடங்கு, அதாவது 11 மில்லிமீட்டர் பூச்சி ஒன்று என் கமராவில் படம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். 55இல் பாதி மடங்குகூடத் தேறாது. 18-55 மட்டும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். கடையில் "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்பார்கள். பொருந்தும்தான், பிரயோசனம் இல்லை.

பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு சென்றிமீட்டர்தான் இருக்கும். வெயில் ஏறினால் எதுவும் அவ்வளவு கிட்ட விடாது. ஆனால் நம்ம ஊர்க் குளிர் இங்கே கைகொடுக்கிறது. மலைக்கு மேல் சூரியன் வரும்வரை தும்பியும் வண்டும் விறைத்துப்போய் இருந்த இடத்திலேயே இருக்கும். பூச்சியைப் பிரிட்ஜில் வைத்து எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ஐந்தரைக்கு எழும்பினால் அந்த வேலையை நுவரெலியா மாவட்டமே செய்து தருகிறதே.

லயத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மரக்கறிப் பாத்தியில் போஞ்சிக் கொடிதான் பெரிய சுரங்கம். தண்டு நிறைய அழுக்கணவன், சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. எறும்பு அதன் முதுகை உணர்கொம்பால் தட்டுகிறது, இனிப்புத் துளி வெளியே வருகிறது, எறும்பு குடிக்கிறது. அதே கூட்டத்துக்குள் முதலைக்குட்டி போல ஒரு கறுத்த புழு நுழைந்து அழுக்கணவனை ஒவ்வொன்றாகத் தின்கிறது. பொறிவண்டின் புழு அது. பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, மருந்தடிக்காம போட்டோ புடிச்சிக்கிட்டு நிக்கிறியே" என்றார். கமராத் திரையைக் காட்டினேன். "ஐயோ, இதையா நான் நசுக்கிக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

பூச்சியைப் பூச்சியால் அடக்கும் இதே வேலை நம்ம தேயிலையிலும் நடந்தது. இலைசுருட்டிப் புழுவை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மெக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் புழுவின் உடம்புக்குள் முட்டையிடுகிற குளவி. அந்தச் சாதியில் சின்னதாக எதைப் பார்த்தாலும் உருவம் தெரிய இந்த இரண்டு மடங்கு வேண்டியிருக்கிறது. கைபேசி மெக்ரோ இங்கே தோற்றுவிடும்.

இனிக் குறை. லென்ஸின் துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கினாலும் தெளிவாக விழுவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பட்டைதான். கண் தெளிந்தால் கொம்பு மங்கும். குவிய வளையத்தைத் திருகுவதில் பயனில்லை. கமராவை இடக்கையில் ஊன்றி, உடம்பையே முன்னும் பின்னும் அசைத்துப் பிடிக்க வேண்டும். காற்றடித்தால் கொடி ஆடும், வீட்டுக்குத் திரும்பிவிடலாம். வில்லை வெளிச்சத்தைக் குறைப்பதில்லை என்றாலும் எஃப் 11க்குப் பிளாஷ் கட்டாயம். அதுவும் நேரே அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு விழும். பொதிகளில் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளை இரண்டாக மடித்து பிளாஷின் முன்னால் ரப்பர் பட்டியால் கட்டுகிறேன், அது போதும்.

கவ்வி எனக்கு ஒத்துவரவில்லை. புதருக்குள் குனியும்போது கிளை தட்டினால் கழன்றுவிடுமோ என்ற பயம் விடாது. வில்லையின் பின்பக்க மரை 43 மில்லிமீட்டர். என் லென்ஸ் 58. ஆகவே 58-43 ஸ்டெப் டவுன் வளையம் போட்டு முறுக்கிவிட்டேன். மலிவான சாமான், முதல் நாளே சேர்த்து வாங்குங்கள்.

வண்ணத்துப்பூச்சி, தும்பிதான் விருப்பம் என்றால் 250 வேண்டாம். 4.8 டயொப்டர் உள்ள டிசிஆர்-150 எடுங்கள். இருபது சென்றிமீட்டர் தள்ளி நின்றே எடுக்கலாம். பாவித்தது வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். நம்ம பக்கத்து ஈரத்துக்கு, சிலந்தி நூல் மாதிரி பூஞ்சணம் பிடித்தவைதான் விலை குறைத்து வருகின்றன.