டெஸ்ட் சிவப்புப் பந்துகள்: டியூக்ஸ், எஸ்ஜி, கூக்கபுரா

டெஸ்ட் போட்டியில் 80 ஓவர்கள் முடிந்த பிறகே பந்து வீசும் அணி புதிய பந்தைக் கேட்க முடியும் என்பதால், ஒரு சிவப்புப் பந்து முதல் பத்து ஓவர்களில் எப்படி ஸ்விங் ஆகிறது, அதாவது காற்றில் எப்படி வளைகிறது என்பதைவிட, ஐம்பதாவது ஓவரில் அதன் தையல் எந்த நிலையில் இருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

எடை 155.9 முதல் 163 கிராம் வரை இருக்க வேண்டும் என்ற விதி டியூக்ஸ், எஸ்ஜி, கூக்கபுரா ஆகிய மூன்று நிறுவனங்களின் பந்துகளுக்கும் பொது. வேறுபடுவது தையல்தான். டியூக்ஸிலும் எஸ்ஜியிலும் ஆறு வரிசைகளும் கையால் தைக்கப்படுகின்றன. கூக்கபுராவில் உள்வரிசைகள் இரண்டு மட்டுமே கைத்தையல், மற்றவை இயந்திரத் தையல். அதனால்தான் கூக்கபுரா பளபளப்புடன் இருக்கும்போது நன்றாக ஸ்விங் ஆகி, தையல் சீக்கிரமே அமுங்கியதும் மட்டையாளர்களுக்கு எளிதாகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் ஆடுகளத்தில் பட்டுப் பந்து உயர்ந்து எழுவது இந்தக் குறையை ஓரளவு மறைக்கிறது.

இங்கிலாந்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் பயன்படும் டியூக்ஸ் அடர்சிவப்பு நிறமுடையது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தையலின் இருபுறமும் வைத்துப் பிடித்தால், நூல் மேடு விரல்களுக்கு நடுவே நிமிர்ந்து நிற்பது தெளிவாகத் தெரியும். பந்தில் எச்சில் தடவ நிரந்தரத் தடை வந்துவிட்ட இந்தக் காலத்தில், வியர்வையைக் கொண்டு தேய்த்தே நெடுநேரம் பளபளப்பைக் காக்க முடிவது இதன் பெரும் பலம். உலகெங்கும் டெஸ்டுக்கு டியூக்ஸையே பயன்படுத்தலாம் என்று 2018-இல் விராட் கோலி சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் 2025-இல் இங்கிலாந்தில் நடந்த இந்தியத் தொடரில் பந்து விரைவில் மென்மையாகி வடிவம் குலைவதாகப் புகார் எழுந்து, நடுவர்கள் அளவு வளையத்தில் அதைச் செலுத்திப் பார்க்கும் காட்சி அடிக்கடி ஆட்டத்தை நிறுத்தியது. இதை அற்பக் குறை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

மீரட்டில் உருவாகும் எஸ்ஜியின் தடித்த தையல், சுழற்பந்து வீச்சாளரின் விரலுக்கு நல்ல பிடிமானம் தருகிறது. தையல் தரையில் படும்போது பந்து திரும்பவும் எழவும் செய்கிறது. இந்திய ஆடுகளங்களின் வறட்டு மண்ணில் பளபளப்பு சீக்கிரம் போய்விடுகிறது என்றாலும், ஒரு பக்கத்தை மட்டும் கவனமாகப் பராமரிக்கும் அணிக்கு அதுவே ரிவர்ஸ் ஸ்விங்குக்கு, அதாவது பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வளைவதற்கு, வழிவிடுகிறது.

வடிவம் குலையாமல் இருந்தால் டியூக்ஸே என் முதல் தேர்வு. சுழலை நம்பும் அணிக்கு எஸ்ஜி. நீண்ட ஆட்டத்துக்காக வாங்குவோர், எந்த நிறுவனத்தின் பந்தானாலும் அது நான்கு துண்டுத் தோலால் ஆனதா என்று பார்த்து வாங்குவது அவசியம்.