ஐபிஆர், பி31.1, இஎன் 13480: 15 வருடம் மூன்றோடும் குடித்தனம்

திருச்சி துவாக்குடியில் பாய்லர் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன பட்டறையில் ஆரம்பித்தவன் நான். இப்போது ஸ்டீம் லைன், அதாவது நீராவிக் குழாய் டிசைன் மட்டும்தான். அதற்கு மூன்று கோடுகள், அதாவது விதித்தொகுப்புகள்: இந்தியாவின் ஐபிஆர் (இந்தியன் பாய்லர் ரெகுலேஷன்ஸ்), அமெரிக்காவின் ஏஎஸ்எம்இ அமைப்பு போடும் பி31.1, ஐரோப்பாவின் இஎன் 13480. புதிதாக வரும் பசங்க "எந்த கோடு சார் நல்லது?" என்று கேட்டால் முதலில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன்.

பி91 (அதிக சூடு தாங்கும் குரோமியம் கலந்த ஸ்டீல்) பைப், வெளிவிட்டம் 300 மி.மீ., அழுத்தம் 150 பார், 540 டிகிரி. அலவபிள் ஸ்ட்ரெஸ் (உலோகத்தில் கோடு அனுமதிக்கும் அதிகபட்சத் தகைவு) மூன்றுக்கும் 100 மெகாபாஸ்கல் என்று சும்மா வைத்துக்கொள்வோம். பைப் சுவரின் தடிமன் ஐபிஆர், இஎன் இரண்டிலும் 20.9 மி.மீ. வரும், பி31.1-இல் 20.4. ஐபிஆர் தன் பங்குக்கு 0.75 மி.மீ. சேர்க்கச் சொல்லும், அமெரிக்கக் கோடில் அரிமானத்துக்கு எவ்வளவு விடுவது என்பது உங்கள் தலைவலி. அவ்வளவுதான் வித்தியாசம், இதற்காகவா சண்டை போடுகிறோம் என்று தோன்றும்.

அந்த அரை மில்லிமீட்டர் பி31.1-இன் ஒய் என்ற குணகத்தால் வருவது. 482 டிகிரி வரை அது 0.4, ஃபெரிட்டிக் ஸ்டீலுக்கு 538-இல் 0.7 ஆகிவிடும், ஏனென்றால் க்ரீப் (அதிக சூட்டில் சுமையின் கீழ் உலோகம் மெல்ல மெல்ல நீளுவது) தொடங்கிவிட்டால் உள்சுவரில் குவிந்த ஸ்ட்ரெஸ் மெல்ல வெளிப்பக்கம் பரவிவிடும். நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தின் எக்செல் ஷீட்டில் எல்லா வெப்பநிலைக்கும் 0.4 என்று யாரோ போட்டு வைத்திருந்தார்கள். வருடக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்கவில்லை, தப்பு பாதுகாப்பான பக்கம் விழுந்ததால். ஆனால் அதே ஷீட்டில் பி91-க்குப் பழைய ஸ்ட்ரெஸ் அட்டவணை இருந்தது, அதுதான் வயிற்றைக் கலக்கியது. 2019 பதிப்பில் ஏஎஸ்எம்இ அந்த மதிப்புகளைக் குறைத்துவிட்டது.

ஆக, ஃபார்முலா பெரிய விஷயமில்லை, அதற்குள் போடும் ஸ்ட்ரெஸ் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். குறைந்த சூட்டில் ஏஎஸ்எம்இ இழுவலிமையை 3.5-ஆல் வகுக்கும் (1999-க்கு முன் 4), ஐபிஆர் 2.7-ஆல். 415 மெகாபாஸ்கல் இழுவலிமை உள்ள சாதாரண 106 கிரேடு பி (கார்பன் ஸ்டீல்) பைப்புக்கு அறை வெப்பநிலையில் 118, 153 என்று தனித்தனியாக நிற்கும், சூடு ஏற ஏற யீல்ட் (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் ஸ்ட்ரெஸ்) குறுக்கே வந்து இடைவெளியைச் சுருக்கிவிடும். க்ரீப் பகுதிக்கு வந்தால் இரண்டும் பங்காளிகள்: ஐபிஆர் 1,00,000 மணி நேரத்தில் முறியும் சராசரி ஸ்ட்ரெஸ்ஸை 1.5-ஆல் வகுக்கிறது, ஏஎஸ்எம்இ அதில் 67 சதவீதம் என்கிறது. இரண்டும் ஒன்றேதான்! இஎன் மட்டும் 2,00,000 மணி நேரத் தரவை எடுத்து 1.25-ஆல் வகுக்கச் சொல்லும். நிற்காமல் ஓடினால் அது கிட்டத்தட்ட 23 வருடம், பிளான்ட் ஓடும் காலத்துக்குப் பக்கத்தில் வருகிறது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இஎன் பிடிக்கும். படிக்கத்தான் பொறுமை வேண்டும், ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள வேறு நான்கு பாகங்களைப் புரட்ட வேண்டியிருக்கும்.

நீளவாக்கில் வெல்டு உள்ள பைப்பை ஹை டெம்பரேச்சரில் போடவே மாட்டேன். 1985-இல் அமெரிக்காவின் மொகாவே அனல்மின் நிலையத்தில் அப்படிப்பட்ட ஹாட் ரீஹீட் லைன் (மறுபடி சூடாக்கிய நீராவியை டர்பைனுக்குக் கொண்டுபோகும் குழாய்) வெடித்து 6 பேர் இறந்தார்கள். சூட்டில் வெல்டு பலம் குறைவதைக் கணக்கில் சேர்க்கும் காரணி பி31.1-க்குள் வந்தது அதற்கு எவ்வளவோ வருடம் கழித்து.

அப்புறம் பேப்பர். இந்தியாவில் ஐபிஆர் சட்டம், கிளையன்ட் ஏஎஸ்எம்இ கேட்டாலும் இரண்டையும் போட்டுப் பார்த்துக் கனமானதை எடுக்க வேண்டியதுதான். ஒரு முறை வெளிநாட்டிலிருந்து வந்த வால்வு, ஏஎஸ்எம்இ சான்றுகள் கட்டுக் கட்டாக இருந்தன, ஐபிஆர் கேட்கும் ஃபார்ம் 3-சி (வால்வு போன்றவற்றின் தயாரிப்பு, சோதனைச் சான்று) மட்டும் இல்லை. பாய்லர் இன்ஸ்பெக்டர் தொடவே இல்லை, மூன்று வாரம் லைன் அப்படியே கிடந்தது. அவர் மேல் தப்பில்லை, ஆர்டர் எழுதியது நான். இப்போதெல்லாம் பர்ச்சேஸ் ஆர்டரில் விலைக்கு முன்னாடியே 3-சி-யை எழுதிவிடுகிறேன்.