கறுப்பு எதில் நிற்கும்? எனாமல் பின் முதல் வாழ்த்து அட்டை வரை

கோத், பங்க் பாணியில் இயங்கும் சிறு பிராண்டுகளின் கடையைத் திறந்தால் ஒரே வௌவால் பல உருவங்களில் தொங்கும். சட்டையில் குத்தும் எனாமல் பின், ஜாக்கெட்டில் தைக்கும் பேட்ச், ஸ்டிக்கர், சுவரில் மாட்டும் பிரிண்ட், மடித்த வாழ்த்து அட்டை. படம் ஒன்றுதான், ஆனால் எல்லாம் ஒரே அளவுக்கு உழைப்பதில்லை. இந்தக் கடைகளில் பெரும்பாலான சரக்கு கறுப்பு. கீறல் தெரிவதும் சாயம் வெளுப்பதும் மடிப்பில் வெடிப்பதும் கறுப்பில்தான் முதலில் பல்லிளிக்கும். அதனால் இரண்டில் எதை எடுப்பது என்று குழம்பும்போது படத்தைச் சற்று மறந்துவிட்டு, அந்தக் கறுப்பை எப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஹார்ட் எனாமலா, சாஃப்ட் எனாமலா?

இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். உலோகத் தகட்டில் அச்சு அடித்து, பள்ளமான இடங்களில் வண்ணம் நிரப்புகிறார்கள். ஹார்ட் எனாமலில் வண்ணத்தை உலோகக் கோட்டின் மட்டம்வரை நிரப்பி, சூட்டில் இறுக்கி, மேற்பரப்பு முழுவதையும் ஒரே மட்டமாகத் தேய்த்துவிடுவார்கள். தடவினால் வழுவழுவென்று இருக்கும். சாஃப்ட் எனாமலில் வண்ணம் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும், விரலில் வரப்பு தட்டும்.

ஹார்ட் என்றாலே உசத்தி என்று பலர் நினைக்கிறார்கள். கறுப்பு விஷயத்தில் அது சரியில்லை. ஹார்ட் எனாமலில் தேய்த்து முடித்த பிறகுதான் முலாம் ஏறும். தங்கம், வெள்ளி, தாமிரம், பிளாக் நிக்கல் என்று முலாமில் கிடைக்கும் நிறங்கள்தான் கோட்டுக்கும். பிளாக் நிக்கல் என்பது பெயரில் மட்டும் கறுப்பு. உண்மையில் அது பளபளக்கும் அடர் சாம்பல். கோடு மை போலக் கறுப்பாக வேண்டுமென்றால் உலோகத்துக்கே சாயம் கொடுக்க வேண்டும். அது சாஃப்ட் எனாமலில்தான் நிற்கும், ஹார்டில் கிடைக்காது. ஆக, குறிப்பில் ‘ஹார்ட் எனாமல்’ என்று போட்டு, படத்தில் கோடுகள் தார் போலக் கறுத்திருந்தால், அது பெரும்பாலும் கணினியில் வரைந்த மாதிரிப் படம். நிஜப் புகைப்படம் கேளுங்கள்.

சாயக் கோட்டுக்கும் ஒரு குறை உண்டு. உரசினால் அடியிலிருக்கும் வெள்ளி எட்டிப் பார்க்கும். சாவிக் கொத்து உரசும் பைக்கு பிளாக் நிக்கல் முலாமிட்ட ஹார்ட் எடுக்கலாம். ஜாக்கெட் காலருக்குச் சாயம் ஏற்றிய சாஃப்ட் போதும், பார்க்க அதுதான் அழகு. சாஃப்ட் பின்னின் மேல் எபாக்ஸி என்ற கண்ணாடி போன்ற பிசின் ஊற்றியிருந்தால் பள்ளத்தில் அழுக்கு சேராது. ஆனால் வெயிலில் நாளடைவில் மஞ்சளிக்கும். வௌவாலின் வெள்ளைப் பல் மஞ்சளானால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

30 மி.மீ.க்கு மேற்பட்ட அகலத்துக்கு ஒரே ஊசி போதாது, வௌவால் தலைகீழாகத் திரும்பிவிடும் (வௌவாலுக்கு அது பொருத்தம்தான், மற்ற உருவங்களுக்கு இல்லை). இரண்டு ஊசி இருக்கிறதா என்று முதுகுப் பக்கப் படத்தில் பாருங்கள். பின்பக்கம் ஊசியைப் பிடிக்கும் மூடி ரப்பராக இருந்தால் துணிக்கு இதமானது. ஆனால் பையிலோ தொப்பியிலோ குத்தினால் கழன்று விழும், முதலுக்கே மோசம். அங்கே இழுத்தால்தான் திறக்கும் லாக்கிங் மூடி வேண்டும். அதைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். தோல் ஜாக்கெட்டில் குத்திய ஓட்டை மறையாது, இடத்தை முடிவு செய்துவிட்டுக் குத்துங்கள்.

பேட்ச்: நூலா, நெசவா, அச்சா?

பூத்தையல் பேட்ச்சில் நூல் மேடாக நிற்கும், ஆனால் நுணுக்கம் வராது. 5 மி.மீ.க்குக் குறைந்த எழுத்து கட்டியாகிவிடும். நெசவு பேட்ச்சில் மெல்லிய கோடும் சிறு எழுத்தும் தெளிவாக விழும், பரப்பு தட்டையாக இருக்கும். அச்சு பேட்ச் என்பது பருத்தி கேன்வாஸில் ஸ்கிரீன் அச்சு.

பூத்தையலில் ‘75 சதவீதம்’ என்றால் மீதி கால்பங்கு அடித்துணியே கண்ணுக்குத் தெரியும் என்று பொருள். கறுப்பு அந்த அடித்துணியிலிருந்து வருகிறதா, நூலிலிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. துவைத்து வெயிலில் போட்டால் பருத்தி அடித்துணி சாம்பலாகும், பாலியஸ்டர் நூல் தாக்குப்பிடிக்கும். சிறிய உருவத்துக்கு 100 சதவீதப் பாலியஸ்டர் பூத்தையல்தான் எங்கள் தேர்வு. முதுகு முழுவதையும் மூடும் 30 செ.மீ. பேட்ச்சுக்கு அதையே எடுத்தால் அட்டையைக் கட்டிக்கொண்டது போல விறைக்கும். அங்கே கேன்வாஸ் அச்சுதான் சரி. அது மெல்ல வெளுத்தாலும் அந்தப் பாணிக்குப் பொருந்திப் போகும்.

கேன்வாஸ் வாங்கும்போது படத்தைச் சுற்றி மடித்துத் தைக்க 1 செ.மீ. விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். விடவில்லை என்றால் ஓரம் நூல் பிரியும். அயர்ன் ஒட்டுப் பசையை நம்ப வேண்டாம். நைலானிலும் தோலிலும் அது பிடிக்காது, துணியிலும் சில சலவைக்குப் பிறகு மூலை தூக்கும். பசை இடத்தில் நிறுத்திப் பிடிக்க மட்டுமே, சுற்றிலும் தையல் போட்டாக வேண்டும். பங்க் கூட்டத்தார் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் டென்டல் ஃபிளாஸ் கொண்டு தைப்பது வேடிக்கைக்கு அல்ல, மெழுகிட்ட அந்த இழை லேசில் அறாது. அச்சின் மேல் நேரடியாக இஸ்திரி வைத்தால் மை உருகி இழுபடும், உள்பக்கம் திருப்பித் தேயுங்கள்.

காகிதம்

வாங்கிவிட்டுக் கையைப் பிசைவது அதிகமும் இங்கேதான். காகிதத்தில் கறுப்புக்கு இரண்டு வழி: கூழிலேயே சாயம் கலந்த கறுப்புக் காகிதம், அல்லது வெள்ளைக் காகிதத்தின் மேல் கறுப்பு அச்சு. வெட்டு விளிம்பைப் பார்த்தால் புரிந்துவிடும். விளிம்பும் கறுத்திருந்தால் முதல் வகை, மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் இரண்டாவது.

மடித்த அட்டைக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வெள்ளை அட்டையில் லேசர் டோனரால் (பொடி மை) கறுப்பு நிரப்பி மடித்தால், மடிப்பு முதுகில் டோனர் வெடித்து வெள்ளைப் பொடிக் கோடு தெரியும். மடிக்கும் முன் மடிப்புக் கோட்டில் பள்ளமாக வரி அழுத்தியிருந்தால் குறையும், மேலே லேமினேஷன் இருந்தால் பெரும்பாலும் வெடிக்காது. ஆனால் தொட்டால் வெல்வெட் போலிருக்கும் சாஃப்ட் டச் லேமினேஷன், கறுப்பில் விரல் ரேகையையும் நகக் கீறலையும் அப்படியே காட்டும். கூழ்க் கறுப்பில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் அதில் வழக்கமான நான்கு வண்ண அச்சு எடுபடாது, அந்த மைகள் ஊடுருவித் தெரிபவை. ஃபாயில், வெள்ளை மை, கெட்டியான ஸ்கிரீன் மை இவைதான் தெரியும். ஆக, வெள்ளியிலோ வெள்ளையிலோ ஒரே நிறப் படமென்றால் கூழ்க் கறுப்பு. பல வண்ணப் படமென்றால் வரி அழுத்தி லேமினேட் செய்த வெள்ளை அட்டை. உள்ளே எழுத வெள்ளை ஜெல் பேனா வேண்டும். கறுப்பு உறைக்கு முகவரியை வெள்ளை லேபிளில் எழுதி ஒட்டுங்கள்.

சுவர்ப் பிரிண்டில் ‘ஜிக்லே’ என்றால் நிறமி மை இன்க்ஜெட், பெரும்பாலும் பருத்திக் காகிதத்தில். வெளிச்சத்தில் நெடுநாள் நிற்கும். ஆனால் மேட் காகிதத்தில் எந்தக் கறுப்பும் பளபளப்புக் காகிதம் அளவுக்கு ஆழமாக வராது. கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டால் அந்த வித்தியாசம் குறையும். மிக ஆழமான கறுப்பு வேண்டுமென்றால் ஸ்கிரீன் அச்சுக்கு இணையில்லை, மை ஒரு தோலாகவே படிந்திருக்கும். ரிஸோ அச்சு (ஸ்டென்சில் வழியே ஒவ்வொரு வண்ணமாக மை பதிக்கும் இயந்திர அச்சு) மலிவு, அழகு, ஆனால் முழுக் கறுப்புப் பரப்புக்கு ஒத்துவராது. திட்டுத் திட்டாக விழும், எண்ணெய் கலந்த மை முழுதாகக் காயாததால் விரலில் ஒட்டும். வண்ணங்கள் ஒன்றிரண்டு மி.மீ. விலகி விழுவது ரிஸோவின் இயல்பு, அதைக் குறையென்று திருப்பி அனுப்பாதீர்கள்.

ஃபிரேமை முதலில் வாங்கிவிடாதீர்கள். ஏ4 என்பது 210 × 297 மி.மீ., ‘8 × 10 அங்குலம்’ என்பது 203 × 254 மி.மீ. ஒன்றின் ஃபிரேமில் மற்றது உட்காராது.

ஸ்டிக்கரை நாட்குறிப்பில் ஒட்டுவதென்றால் காகித வகையே போதும், தண்ணீர் பாட்டிலுக்கு லேமினேட் செய்த வினைல் (பிளாஸ்டிக்) வகை வேண்டும். உருவத்தை ஒட்டி அப்படியே வெட்டியதைவிட, சுற்றிலும் 2 அல்லது 3 மி.மீ. ஓரம் விட்டது மேல். இறக்கை நுனி, சிலந்திக் கால் போன்ற கூர்முனைகள்தான் முதலில் தூக்கும். ஒட்டிய பிறகு ஒரு நாள் நனைக்காதீர்கள்.

சோக்கர்

கழுத்தை ஒட்டி அணியும் பட்டைதான் சோக்கர். ‘வீகன் லெதர்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பியூ, அதாவது பாலியூரித்தேன் என்ற செயற்கைத் தோல். அது உழைப்பால் மட்டுமல்ல, ஈரக் காற்றிலேயே சிதைந்து, பெட்டியில் கிடந்தபடியே செதில் உரியும். தோல் வேண்டாம் என்பவர்களுக்கு நைலான் பட்டை நெடுநாள் வரும். வளையத்தின் வாய் பற்றவைத்து மூடியிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், வெறுமனே வளைத்த வளையம் இழுத்தால் திறந்துகொள்ளும். நிக்கல் ஒவ்வாதவர்கள் நிக்கல் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்கலாம்.

எந்த வழியில் வாங்குவது?

கையிருப்புச் சரக்கா, முன்பதிவா? முன்பதிவில் ஆலை முடித்து அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். எனாமல் பின் செய்யும் ஆலைகள் பெரும்பாலும் சீனாவில் இருப்பதால் ஜனவரி, பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். முன்பதிவுப் பொருளையும் கையிருப்புப் பொருளையும் ஒரே ஆர்டரில் போட்டால், பல கடைகள் இரண்டையும் சேர்த்தே அனுப்பும். அவசரமென்றால் இரண்டு ஆர்டராகப் போடுங்கள்.

சிறு குறையுள்ள சரக்கைத் தள்ளுபடியில் தரும் ‘செகண்ட்ஸ்’ விற்பனையில் எனாமலில் ஒரு தூசிப் புள்ளி, முலாமில் மயிரிழைக் கீறல் என்றால் தாராளமாக எடுக்கலாம். ஊசி ஆடினால் வேண்டாம். காகிதத்தில் மூலை நசுங்கியது ஃபிரேமுக்குள் மறையும், நடுவில் மடங்கியது மறையாது.

பெரிய சந்தைத் தளங்களில் அதே வௌவால் பாதி விலைக்குக் கிடைத்தால், படத்தை வைத்துத் தேடிப் பாருங்கள். நகல் பின்களில் கோடு தடித்திருக்கும், முதுகில் பிராண்டு முத்திரை இருக்காது.

பின்னையும் பிரிண்டையும் ஒன்றாக ஆர்டர் செய்தால், இரண்டுக்கும் நடுவே கெட்டி அட்டை வைக்கச் சொல்லிக் குறிப்பு எழுதுங்கள். வழியில் பின்னின் மூடி நகர்ந்து அழுத்தினால் கறுப்புப் பரப்பில் பிறை வடிவப் பள்ளம் விழும், அதை எந்த இஸ்திரியும் நிமிர்த்தாது. ஏ3 சுருளாக வந்தால், எதிர்ப்பக்கம் சுருட்டாமல், சுத்தமான காகிதத்துக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.