கிகியும் லீ பவரியும்: இரண்டு மேடைப் பிறவிகள்

1990களின் தொடக்கத்தில், எய்ட்ஸ் பலரைக் கொண்டுபோன சான்பிரான்சிஸ்கோவில், மேடைக் கலைஞர் ஜஸ்டின் விவியன் பாண்ட் கிகி என்ற பாத்திரத்தை உருவாக்கி, தானே நடித்தார். குடியும் கோபமுமாகப் பாடும் வயதான கிளப் பாடகி கிகி. பியானோவில் கென்னி மெல்மன், ஹெர்ப் என்ற பெயரில். பாண்டுக்கு அப்போது முப்பது வயது இருக்கும், அவ்வளவுதான். கிகிக்கென்று ஒரு முழு வாழ்க்கை உண்டு, பறிகொடுத்த மகள் உட்பட. பாட்டுக்கு நடுவே அந்தக் கதைகளைச் சொல்லிக்கொண்டே போவார். 2004இல் நியூயார்க்கின் கார்னகி ஹால் இசையரங்கு, 2006இல் பிராட்வே நாடக மேடை வரை அதே கிகிதான்.

லண்டனில் வாழ்ந்த மேடைக் கலைஞர் லீ பவரி நேர் எதிர். பெயர் ஒன்றே, உருவம் மட்டும் விதவிதமாக மாறும். 1988இல் ஒரு கேலரியில், ஒரு பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் மறுபக்கம் ஜன்னல் போலவும் இருக்கும் கண்ணாடிக்குப் பின்னால் தன்னையே பார்த்தபடி இருந்தார். அவருக்குப் பார்வையாளர்கள் தெரியவில்லை, அவர்களுக்கு அவர் தெரிந்தார். 1994இல், 33 வயதில், எய்ட்ஸால் மறைந்தார்.

பவரியின் துணிச்சல் பிரமிக்க வைக்கிறது. ஆனால் என் மனம் கிகியிடம்தான் போகிறது. நண்பர்கள் இளமையிலேயே செத்துக்கொண்டிருந்த ஊரில், ஒருவர் மேடையேறி முதுமையை வாழ்ந்து காட்டினார். அதற்கு ஒரே பாத்திரம் வேண்டும், அப்புறம் நிறைய வருடங்கள் வேண்டும்.